சிரிக்கிற முகம், நிற்கிற கால்

'உணர்வுசார் நுண்ணறிவு' என்ற தொடர் நம் ஊர்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கல்லூரி இறுதியாண்டு மாணவிகளுக்கான ஆளுமை மேம்பாட்டுப் பயிலரங்குகளில், தனியார் பள்ளிகள் ஜூன் மாதத்தில் ஆசிரியைகளுக்கு நடத்தும் பயிற்சியில், மருத்துவமனை வரவேற்பறையில் உட்காரப்போகும் பெண்களுக்கான வகுப்பில், ஜவுளிக் கடையின் காலைக் கூட்டத்தில் இது பேசப்படுகிறது. எல்லா இடத்திலும் இதே பெயரில் அல்ல. சில இடங்களில் 'ஈ.க்யூ.', சில இடங்களில் 'சாஃப்ட் ஸ்கில்', கடைகளில் வெறும் 'பொறுமை'.

தன் உணர்வை அறிதல், அதைக் கட்டுக்குள் வைத்தல், தன்னைத்தானே ஊக்கப்படுத்திக்கொள்ளுதல், பிறர் உணர்வை அறிதல், உறவுகளைக் கையாளுதல் என்று இதற்கு ஐந்து கூறுகள் சொல்லப்படுகின்றன. இவற்றில் எதையும் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் இவற்றைப் பணியிடத்துக்குள் கொண்டுவந்து வைத்ததும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. யார் யாருடைய உணர்வை அறிய வேண்டும்? உணர்வைக் கட்டுக்குள் வை என்று சொல்பவர், அந்த உணர்வு எதனால் வந்தது என்று கேட்கிறாரா? இந்த இரண்டு கேள்விகளையும் விட்டுவிட்டு நடத்தப்படும் பயிற்சி, பெண்கள் வீட்டில் காலங்காலமாகக் கற்றுக்கொடுக்கப்பட்ட பாடத்தையே சான்றிதழோடு மறுபடியும் கொடுக்கிறது என்பது என் வாதம்.

பேருந்து ஓட்டுநரின் சிரிப்பு

இந்தக் கருத்துக்குக் கல்விப்புல வடிவம் கொடுத்தவர்கள் பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள். அவர்களுடைய கட்டுரை 1990இல் வந்தது. உலகம் முழுக்க இதைக் கொண்டுசேர்த்தது டேனியல் கோல்மன் 1995இல் எழுதிய நூல். 1998இல் பணியிடத்துக்கென்றே அவர் இன்னொரு நூலும் எழுதினார். இன்று நம் பயிற்சியாளர்கள் திரையில் காட்டும் ஐந்து கூறுகளும் பெரும்பாலும் கோல்மனிடமிருந்து வந்தவை.

1995 நூலின் தொடக்கத்தைக் கவனமாக வாசிக்க வேண்டும். நியூயார்க்கில் ஒரு புழுக்கமான ஆகஸ்ட் மாலை. ஒரு நகரப் பேருந்தின் ஓட்டுநர், ஏறும் ஒவ்வொருவரையும் சிரித்த முகத்தோடு வரவேற்கிறார். வழியில் வரும் கடைகளையும் திரைப்படங்களையும் பற்றிக் கலகலப்பாகப் பேசிக்கொண்டே வருகிறார். சிடுசிடுத்த முகத்தோடு ஏறியவர்கள் சிரித்துக்கொண்டே இறங்குகிறார்கள். கோல்மனுக்கு அந்த ஓட்டுநர் நகரத்தின் சமாதானத் தூதர். அழகான காட்சிதான். ஆனால் அந்த ஓட்டுநருக்கு எத்தனை மணி நேர வேலை, என்ன சம்பளம், அவர் வீட்டுக்குப் போகும்போது அந்தச் சிரிப்பில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்ற கேள்விகள் அந்தக் காட்சியில் இல்லை. சேவை செய்பவரின் முகம், சேவை பெறுபவருக்கு என்ன செய்தது என்பதே அளவுகோல்.

அதே நூல் அரிஸ்டாட்டிலையும் முன்வைக்கிறது. கோபப்படுவது எளிது, சரியான ஆளிடம், சரியான அளவில், சரியான காரணத்துக்காகக் கோபப்படுவதுதான் கடினம் என்பது அவர் கருத்து. அப்படியென்றால் சரியான கோபம் என்று ஒன்று உண்டு. காரணமும் ஆளும் சரியாக அமைந்தால் கோபப்படுவதும் அறிவே. நூலிலிருந்து பயிலரங்குக்கு வருவதற்குள் இந்தப் பகுதி எங்கோ விழுந்துவிடுகிறது. 'கோபத்தைக் கட்டுப்படுத்துங்கள்' என்பது மட்டும் வந்து சேர்கிறது.

கோல்மனுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1983இல், ஆர்லி ஹாக்ஷீல்ட் என்ற பெண் சமூகவியலாளர் வேறொரு திசையிலிருந்து இதே இடத்துக்கு வந்திருந்தார். டெல்டா விமான நிறுவனத்தின் பணிப்பெண்களுக்கான பயிற்சியை நேரில் கவனித்து அவர் எழுதிய நூல்தான் 'உணர்வு உழைப்பு' என்ற கருத்தைத் தந்தது. சம்பளத்துக்காக ஒருவர் தன் உணர்வையே வடிவமைத்துக் காட்டுவது உழைப்பு என்றார் அவர். கத்துகிற பயணியைப் பயந்துபோன குழந்தையாக நினைத்துக்கொள் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லித்தரப்பட்டது. கடன் வசூலிப்பவர்களுக்கோ எதிர்மாறாக, இரக்கத்தை மறைத்துக்கொண்டு அச்சுறுத்தக் கற்றுத்தரப்பட்டது. முதல் வேலையில் பெண்களும் இரண்டாவதில் ஆண்களும் மிகுதி. அமெரிக்காவில் வேலைக்குப் போகும் பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேர் உணர்வு உழைப்பு கணிசமாக உள்ள வேலைகளில் இருப்பதாக அவர் மதிப்பிட்டார். ஆணுக்குச் சமூக மதிப்பு ஒரு கவசமாக நிற்கிறது, பெண்ணுக்கு அது இல்லாததால் வாடிக்கையாளரின் எரிச்சல் அவள்மேல் எளிதாக இறங்குகிறது என்றும் காட்டினார்.

ஹாக்ஷீல்ட் உழைப்பு என்று பெயரிட்டதைக் கோல்மனுக்குப் பின் வந்த பயிற்சிகள் திறமை என்று பெயர் மாற்றிவிட்டன. உழைப்பு என்றால் அதற்குக் கூலி கேட்கலாம், ஓய்வு கேட்கலாம், இவ்வளவுதான் முடியும் என்று சொல்லலாம். திறமை என்றால் இல்லாதவளிடம்தான் குறை.

உணர்வுக்கு நிலைக்களன் உண்டு

தமிழ் படிக்கும் மாணவிகளுக்கு இதைச் சொல்லும்போது நான் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலிலிருந்து தொடங்குகிறேன். பழம்பெருமை பேசுவதற்காக அல்ல. அங்கே ஒரு முறை இருக்கிறது, அது நமக்கு இப்போது பயன்படுகிறது.

நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகள். தேர்வுக்கு இவற்றை மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் தொல்காப்பியர் பெயர்ப் பட்டியலோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன் சொல்கிறார். அழுகை பிறக்கும் இடங்களுள் இழவு ஒன்று, வறுமை ஒன்று. அச்சம் பிறக்கும் இடங்களுள் அணங்கும் விலங்கும் கள்வரும் உண்டு, நான்காவதாகத் தம் இறை, அதாவது தம்மை ஆள்பவர் உண்டு. வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. இவற்றுள் 'அலை' என்பதற்கு வைதலும் புடைத்தலும் என்று உரையில் பொருள் காண்கிறோம். தன்னைத் தாழ்வாக உணரும் இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை.

இந்த முப்பத்திரண்டையும் இன்றைய பணியிடத்தில் வைத்துப் பாருங்கள். மேலதிகாரியைக் கண்டு வரும் அச்சத்துக்கு ஆள்பவர் காரணம். எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியவளின் கோபத்துக்கு வசை காரணம். மாதக் கடைசியில் கழிப்பறைக்குள் போய் அழுபவளின் அழுகைக்கு வறுமை காரணம். நாற்பது வயதுக்குமேல் முகப்புக் கவுண்ட்டரிலிருந்து கிடங்குக்கு மாற்றப்பட்டவளின் இளிவரலுக்கு மூப்பு காரணம். தொல்காப்பியத்தில் உணர்வு வெளியிலிருக்கும் ஒன்றால் பிறந்து உடம்பில் தெரிகிறது. பயிலரங்கில் உணர்வு அவளுக்குள்ளேயே பிறந்து அவளுக்குள்ளேயே அடங்க வேண்டியது. நிலைக்களனை நீக்கிவிட்டால் எஞ்சுவது அவளுடைய 'டென்ஷன்' மட்டும். மூச்சுப் பயிற்சி செய் என்று சொல்லிவிடலாம்.

இதே பொருளதிகாரத்தில்தான் அச்சமும் நாணமும் மடமும் பெண்ணுக்கு உரியவை என்றும், பெருமையும் உரனும் ஆணுக்கு உரியவை என்றும் வகுக்கப்பட்டிருக்கிறது என்பதை நாம் மறக்க வேண்டாம். மெய்ப்பாட்டியலில் அச்சம் ஒரு காரணத்தால் வருவது, களவியலில் அதே அச்சம் பெண்ணின் இயல்பு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஆதிக்கம் எப்படி வேலை செய்கிறது என்பது தெரியும். காரணத்தால் வரும் உணர்வை இயல்பு என்று மாற்றிச் சொன்னால் காரணத்தைக் கேட்க வேண்டியதில்லை. 'லேடீஸ்னாலே கொஞ்சம் எமோஷனல்' என்று அலுவலகத்தில் சிரித்துக்கொண்டே சொல்லப்படுவது அந்தப் பழைய மாற்றத்தின் இன்றைய வடிவம். அதனால் தொல்காப்பியரிடமிருந்து நாம் முறையை எடுத்துக்கொள்கிறோம், இலக்கணம் வகுத்த பெண்ணை அங்கேயே விட்டுவிடுகிறோம்.

வள்ளுவரின் வெகுளாமை அதிகாரத்தையும் பயிற்சியாளர்கள் விரும்பி மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் முதல் குறள் சொல்வதை முழுதாகச் சொல்வதில்லை. தன் சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதை அடக்குபவனே சினம் காப்பவன், செல்லுபடியாகாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று வள்ளுவர் கேட்கிறார். செல்லாத இடத்துச் சினம் சினந்தவருக்கே தீங்கு என்று அடுத்த குறளில் எச்சரிக்கவும் செய்கிறார், செல்லும் இடத்துச் சினமோ அதைவிடத் தீயது என்கிறார். இதன்படி சினம் காக்கும் பயிற்சி முதலில் யாருக்குத் தேவை? முதலாளிக்கு, மேலாளருக்கு, முதல்வருக்கு, மேற்பார்வையாளருக்கு. நடப்பில் பயிலரங்கின் முன்வரிசையில் உட்கார வைக்கப்படுபவர்கள் யாருடைய சினமும் எங்கும் செல்லாதவர்கள். மேலாளர் தொடக்க உரை ஆற்றிவிட்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுகிறார்.

உட்கார ஒரு நாற்காலி

தமிழ்நாட்டுக் கடைகளில் பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே சிரிப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள், கேட்காவிட்டாலும் அருகில் நிற்பார்கள். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010) ரங்கநாதன் தெருவின் அந்த வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்தபோது, எவ்வளவு பழகிய காட்சியை நாம் பார்க்காமலே கடந்திருக்கிறோம் என்று பலருக்கும் உறைத்தது.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவரப்பட்டது. கடை ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி செய்ய வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பது அதன் சாரம். அதைத் தாக்கல் செய்த தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன், நமக்கு அடுத்த தொகுதியான திட்டக்குடியிலிருந்து போனவர். கேரளம் இதை 2018லேயே செய்திருந்தது. அங்கே அது மேலிருந்து வந்த கருணை அல்ல. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி என்ற பெண்ணும் அவர் முன்னின்று உருவாக்கிய 'பெண்கூட்டு' அமைப்பும் முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு நாற்காலிக்காகவும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள்.

கழிப்பறை இல்லாத இடத்தில் ஒரு பெண் தண்ணீர் குடிக்காமல் பத்து மணி நேரம் நிற்கிறாள். மாலையில் அவளுக்கு எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலை உணர்வு மேலாண்மைக் குறைபாடு என்று சொல்ல எத்தனை பக்கப் பயிற்சிக் கையேடு வேண்டும்! விஜியும் தோழிகளும் அதை நீர்க்கடுப்பு என்றும் கால்வீக்கம் என்றும் சரியாகப் பெயர் சொன்னார்கள். உணர்வின் நிலைக்களனைக் கண்டுபிடித்தார்கள் என்று நான் சொல்வேன். சட்டம் வந்த பிறகும் எத்தனை கடைகளில் உண்மையாகவே உட்கார முடிகிறது என்பதை அடுத்த முறை துணி எடுக்கப்போகும்போது நீங்களே பாருங்கள். நாற்காலி இருப்பது வேறு, அதில் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைக்காமல் இருப்பது வேறு.

செவிலியரைப் பாருங்கள். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வாகி மாதம் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் வேலை செய்த ஒப்பந்தச் செவிலியர், பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டார்கள். வார்டில் 'சிஸ்டர்' என்று அழைக்கப்படுகிறவர்கள் அவர்கள். உறவுப் பெயரில் அழைத்தால் அன்பைக் கேட்கலாம், அன்புக்குச் சம்பளம் கேட்பது அசிங்கம் என்று ஆக்கிவிடலாம். 'அக்கா', 'அம்மா', 'சிஸ்டர்' என்று நம் பணியிடங்களில் பெண்களுக்கு வழங்கும் பெயர்களில் மரியாதையும் இருக்கிறது, இந்தக் கணக்கும் இருக்கிறது.

கம்மாபுரத்திலிருந்து ஏறுகிறவர்கள்

கம்மாபுரத்திலிருந்து காலையில் விருத்தாசலம் போகும் பேருந்தில் மூன்று தலைமுறை வேலைகளை ஒன்றாகப் பார்க்கலாம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பாட்டிகள் வழியில் இறங்கிவிடுவார்கள். பீங்கான் பட்டறைக்கோ முந்திரிக்கொட்டை உடைக்கவோ போகும் அம்மாக்கள் நகரத்து ஓரத்தில் இறங்குவார்கள். ஜவுளிக் கடை, நகைக்கடை, தனியார் மருத்துவமனை, பள்ளி என்று போகும் மகள்கள் கடைவீதியிலும் பேருந்து நிலையத்திலும் இறங்குவார்கள்.

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகள் பலர் வீட்டுக் கொலுவில் இருக்கும். கரைத்த களிமண்ணை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றி, இறுகியதும் எடுத்து, பிசிறு நீக்கி, உலர்த்தி, சூளையில் சுட்டு, வண்ணம் தீட்டுகிறார்கள். தூசும் வெக்கையும் நிறைந்த வேலை அது. முந்திரியில் கொட்டையின் எண்ணெய் பட்டுக் கை வெந்துபோகும். அந்த வேலைகளை அழகுபடுத்திப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் அங்கே வேலை வாங்குபவர் கையைத்தான் கேட்கிறார். முகத்தைக் கேட்பதில்லை. கை வேலை செய்துகொண்டிருக்கும்போதே வாய் மாமியாரைத் திட்டலாம், கணக்கப்பிள்ளையைக் கிண்டல் செய்யலாம், அழலாம், பாடலாம். மகளின் வேலையில் கையோடு முகமும் கேட்கப்படுகிறது. அவள் படித்தவள், வெள்ளைச் சுவருக்குள் வேலை செய்கிறாள், அம்மாவைவிட மேலான வேலை என்று ஊர் சொல்கிறது. முகத்துக்கான கூலி அவள் சம்பளச் சீட்டில் எந்த வரியிலும் இல்லை.

எங்கள் துறையில் படித்து, ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்த மாணவி ஒருத்தி பேருந்தில் என்னிடம் சொன்னாள்: "அம்மா, கஸ்டமர் திட்டுனா சிரிக்கணும்னு டிரெயினிங்ல சொன்னாங்க. சூப்பர்வைசர் திட்டுனா என்ன செய்யணும்னு கேட்டேன். அதுக்கும் சிரிக்கணுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலம்மா. அங்கயும் சிரிச்சிட்டுதான் வந்தேன்."

அவளுக்கு உணர்வுசார் நுண்ணறிவு குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா? எந்த இடத்தில் எந்தச் சிரிப்பு என்று அவளுக்குத் தெரியும். அப்பா குடித்துவிட்டு வரும் காலடிச் சத்தத்தை வைத்தே அன்றைய இரவை அறிந்துகொள்ளும் பெண்பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். பிறர் உணர்வை வாசிக்க அவர்களுக்குப் பயிற்சி தேவையில்லை. உயிர் பிழைக்க அதைத்தான் சிறுவயதிலிருந்து செய்துவருகிறார்கள். சாதியால் மேலும் தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கு இந்த வாசிப்பு இன்னும் கூர்மையாக இருந்தே ஆக வேண்டும். அதிகாரம் உள்ளவருக்குத்தான் மற்றவர் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே வருவதில்லை.

கோபம் சேர்ந்து வரும்போது

2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் தங்கி, திருப்பெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலை செய்த பெண்கள் உணவு நஞ்சாகி நோயுற்றார்கள். 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெளிவாகத் தெரியாத நிலையில், டிசம்பர் 17 இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து வந்த, பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பெண்கள். ஆலை மூடப்பட்டது. விடுதிகளிலும் உணவுக்கூடங்களிலும் தரம் போதவில்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரியில்தான் ஆலை திரும்பத் திறந்தது.

அந்த இரவில் அவர்களிடம் அச்சம் இருந்தது, அழுகை இருந்தது, வெகுளி இருந்தது. எதையும் அவர்கள் கட்டுக்குள் வைக்கவில்லை. தனியாக ஒருத்தி வார்டனிடம் கத்தியிருந்தால் அது செல்லாத இடத்துச் சினம், அவளைத்தான் வீட்டுக்கு அனுப்பியிருக்கும். ஆயிரம் பேர் சேர்ந்து சாலையில் உட்கார்ந்தபோது அது செல்லுமிடத்துக்குப் போனது.

திண்டுக்கல்லில் இன்னொரு வழி உருவானது. ஓர் ஆயத்த ஆடை ஆலையின் இளம் தலித் பெண் தொழிலாளி 2021 ஜனவரியில் கொல்லப்பட்ட பிறகு, தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் பன்னாட்டு அமைப்புகளோடு சேர்ந்து போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலை நிர்வாகமும் எச் அண்ட் எம் போன்ற ஆடை நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. தையல் வரிசையில் வேலை செய்யும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து, சீண்டலையும் வசையையும் அடையாளம் காணவும் புகாராக்கவும் பயிற்சி தருவது அதன் முக்கிய ஏற்பாடு. பிறர் உணர்வை அறிதல் என்று பயிலரங்கில் சொல்வதைத்தான் இந்தப் பெண்களும் செய்கிறார்கள். பக்கத்து மிஷினில் இருப்பவள் ஏன் இன்று பேசவில்லை என்று கவனிக்கிறார்கள். கவனித்ததைக் காரணம் வரைக்கும் கொண்டுபோகிறார்கள்.

பயிலரங்கில் கேட்க வேண்டியவை

உணர்வை அறிவதே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. சக ஊழியையிடம் எரிந்து விழாமல் இருப்பதும், நோயாளியின் பயத்தைப் புரிந்துகொள்வதும், பிள்ளைகளின் முகவாட்டத்தைக் கவனிப்பதும் நல்ல மனிதர்கள் செய்பவை. அதைக் கேட்கிற நிறுவனம் தன் பங்கைச் செய்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதனால் இந்தக் கட்டுரையை வாசிக்கும் மாணவிகள், வேலைக்குப் போகும் பெண்கள், அடுத்த பயிலரங்கில் எழுந்து சில கேள்விகளைக் கேட்கலாம்.

இந்தப் பயிற்சி மேலாளர்களுக்கும் உண்டா, அவர்கள் எத்தனை மணி நேரம் உட்கார்ந்து கேட்டார்கள்? இங்கே எத்தனை பெண்களுக்கு எத்தனை கழிப்பறை? உட்கார நாற்காலி எங்கே? பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்கள் யார், பெயர்ப்பலகை எந்தச் சுவரில்? பத்துப் பேருக்குக் குறைந்த கடையிலோ ஒரு வீட்டிலோ வேலை செய்பவர்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம் என்று எங்களுக்கு ஏன் சொல்லித்தரவில்லை? புகார் கொடுக்க மூன்று மாதம், விசாரணைக்குத் தொண்ணூறு நாள் என்ற கணக்கு உங்கள் கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

ராஜஸ்தானில் 1992இல், குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப்போன பன்வாரி தேவி கூட்டு வன்முறைக்கு ஆளானார். அவர் அழுது அடங்கியிருந்தால் 1997இல் விசாகா வழிகாட்டுதல்களும் இல்லை, 2013 சட்டமும் இல்லை. அவர் தன் வேலையைச் செய்ததற்காகத் தாக்கப்பட்டார் என்பதைப் பெண்கள் அமைப்புகள் பிடித்துக்கொண்டு, அதைப் பணியிடப் பிரச்சினையாக உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள்.

இந்தக் கேள்விகளைக் கேட்பவளை 'ரொம்ப சென்சிடிவ்' என்று அந்த அறையில் யாராவது சொல்லக்கூடும். அப்போது பக்கத்தில் இருப்பவளும் எழுந்து அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.